இரண்டாம் பக்கத்தில் ஒரு தட்டும் சத்தம்

மே 6

அண்ணா,

ஃபோன் பண்ணிப் பண்ணி என் விரல் தேஞ்சதுதான் மிச்சம். மணி அடிக்குது, அடிக்குது, நின்னுடுது. அண்ணிக்குப் பண்ணினா "அவர் குளிக்கிறார்"ங்கறாங்க. எந்நேரமும் குளிக்கிற ஆளா நீ? அவ்வளவு பெயின்டா ஒட்டிக்கிட்டிருக்குன்னு கேட்டேன். அண்ணி சிரிக்கக்கூட இல்ல. அப்பதான் ஏதோ சரியில்லன்னு புரிஞ்சு, தாளும் பேனாவுமா உக்காந்துட்டேன்.

முதல்ல அம்மா. வலது கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டுப் பிரிச்சதும் அம்மா பார்த்த முதல் விஷயம் என் அலமாரி மேல இருக்கிற தூசி. "இவ்வளவு நாள் இதுக்குள்ளயா குடித்தனம் பண்ணினே"ன்னு கேட்டாங்க. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்திருக்கிறதைப் பார்த்தா ஏதோ ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி மாதிரி இருக்கு. இடது கண் அடுத்த மாசம். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். அம்மாவை உன்கிட்டேர்ந்து கூட்டிட்டு வந்துட்டேன்னுதான் கோவமா? ஆஸ்பத்திரி இங்க பக்கம்னு நீயேதானே அனுப்பி வெச்ச.

இன்னொண்ணு. ரேடியோவுல என் நிகழ்ச்சியைக் கேட்டியா? இத்தனை வருஷம் காலையில போக்குவரத்து நெரிசலை வாசிச்சுட்டிருந்தவளுக்கு முதல் முறையா சொந்தமா ஒரு மணி நேரம் குடுத்திருக்காங்க. சின்ன வயசுல கேட்டு மறக்க முடியாத இசைத்தட்டைப் பத்திப் பேசணும். நான் எதைப் பத்திப் பேசியிருப்பேன்னு உனக்குச் சொல்லணுமா? அப்பாகிட்ட ரிப்பேருக்கு வந்த ப்ளேயர்ல சிக்கிக்கிட்டு வந்துச்சே, உறை கிடையாது, லேபிள் கிழிஞ்சு பேரும் கிடையாது, அந்தத் தட்டு. நாமளா ஒவ்வொரு பாட்டுக்கும் பேர் வெச்சோமே. ரம்பப் பாட்டு, கோழி துரத்துற பாட்டு, இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டா ஓடுற பெரிய பாட்டு. அது என்ன தட்டுன்னு கண்டுபிடிச்சுட்டேன். மூடிக் கிடந்த ஒரு ஐஸ் ஃபேக்டரியில அஞ்சு பேர் சேர்ந்து பதிவு பண்ணினதாம். அதுக்கப்புறம் அவங்க வேற எதுவும் பண்ணல. இப்ப மறுபடி அச்சடிச்சு விக்கிறாங்க, ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்.

நிகழ்ச்சியில உன்னைப் பத்தித்தான் அதிகம் பேசினேன். நிலையத்துல எல்லாரும் "உங்க அண்ணன் இப்ப என்ன பண்றார்"னு கேக்கறாங்க. அந்தத் துண்டையே ப்ரோமோவா போட்டு நாள் பூரா ஓட்டறாங்க. நீ ஒரு பெரிய ஆள் ஆயிட்ட.

ஃபோனை எடு.

உன் வாலு


மே 14

வாலு,

லெட்டர் கிடைச்சுது. அம்மா கண்ணைப் பத்தித் தெரிஞ்சு நிம்மதி. சொட்டு மருந்தை வேளாவேளைக்குப் போடு. குனிய விடாத. "நான் பண்ணிக்கிறேன்"னு சொல்லுவாங்க, நம்பாத.

ஃபோன்ல உன்கிட்ட பேசி என்னிக்காவது நான் ஒரு வாக்கியத்தை முடிச்சிருக்கேனா? நீ பேச்சுல பொழைக்கிறவ. நான் கார்ல ஒடுக்கு எடுத்து பெயின்ட் அடிக்கிறவன். எழுதினாத்தான் கடைசி வரைக்கும் சொல்ல முடியும். அதுவும் முடியுமான்னு தெரியல.

நிகழ்ச்சியைக் கேட்டேன். பட்டறையில கம்ப்ரெஸர் மேல இருக்கிற ரேடியோவுல. தங்கச்சி பேசப்போறான்னு எல்லாரையும் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டச் சொன்னதே நான்தான். கையில ஒடுக்குல பூசற பட்டியும் தகடும், முன்னாடி ஒரு கார் கதவு. பட்டி காஞ்சு கெட்டியாகிற வரைக்கும் அப்படியே நின்னேன்.

"அம்மா வயித்துவலியில பக்கத்து அறையில சுருண்டு கிடக்காங்க, எங்கண்ணன் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு, தலையில வாளியைக் கவுத்துக்கிட்டு, ஊரே கேக்கற மாதிரி இந்தப் பாட்டைப் போட்டு ஆடறான். ஈவு இரக்கம்னா என்னன்னு கேட்பான் அவன்!"

நீ சொன்னதை அப்படியே எழுத முடியுது பாரு. இப்ப மனப்பாடம். தினமும் வருதே. நீ சிரிக்கிற மாதிரி சொன்ன, அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம நின்னா ஏன்னு கேட்பாங்க. இப்ப பட்டறையில எனக்குப் பேரு வாளி. "வாளி அண்ணே, அந்த பானெட்டுக்கு ரெண்டாவது கோட் ஆச்சா?" முதலாளியே அப்படித்தான் கூப்பிடறார். பிரியமாத்தான் கூப்பிடறார்.

உன்மேல தப்பு சொல்ல முடியல. உனக்கு அப்ப ஆறு வயசு. உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு அம்மாவுக்கு வயித்துவலி இல்ல. அன்னிக்குத்தான் தம்பி போனான்.

அந்த ப்ரோமோவை நிறுத்த முடியுமான்னு பாரு.

அண்ணன்


மே 19

அண்ணா,

எத்தனையோ தாள் கிழிச்சுட்டேன். எப்படி ஆரம்பிச்சாலும் ரேடியோவுல பேசற மாதிரியே வருது. என் குரலே எனக்குப் பிடிக்காம போச்சு.

நமக்கு ஒரு தம்பி பொறந்து தங்கலன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில நடந்துதுன்னு அப்பா சொன்னார். எதிர்வீட்டு அத்தை வீட்டுல என்னைக் கொஞ்ச நாள் விட்டிருந்ததும், அங்க பூனைக்குட்டி இருந்ததும் ஞாபகம் இருக்கு. நீ வாளியோட ஆடின அந்த மழை நாளும் ஞாபகம் இருக்கு. இரண்டும் ஒரே நாள்னு நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததே இல்ல. என் மனசுல அது ரெண்டு வேற வேற பெட்டி. ஒண்ணு சோகம். இன்னொண்ணு என் வாழ்க்கையிலேயே அதிகமா சிரிச்ச நாள்.

உன் லெட்டரைப் படிச்சப்போ அம்மா எதிர்லதான் உக்காந்திருந்தாங்க. "என்னடி எழுதியிருக்கான்"னு கேட்டாங்க. சொட்டு மருந்து போடச் சொல்லியிருக்கான்னேன். அம்மா அந்த நிகழ்ச்சியைக் கேக்கல. அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்தாங்க. வீட்டுல நான் ரேடியோ வைக்கிறதே இல்ல. நல்லவேளைன்னு நெனச்சேன். நெனச்ச உடனே என்மேல அருவருப்பா இருந்துது.

ப்ரோமோவைப் பத்தி உண்மையைச் சொல்லிடறேன். இன்னும் நிறுத்தச் சொல்லல. நிகழ்ச்சி அதிகாரி இத்தனை வருஷத்துல முதல் தடவையா என் மேசைக்கே வந்து கை குலுக்கினார், அந்தத் துண்டுக்காக. நேத்து அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ள யாரோ இருந்தாங்கன்னு திரும்பி வந்துட்டேன். உள்ள யாரும் இல்ல அண்ணா.

நாளைக்குச் சொல்லிடுவேன். நீ என்னைத் திட்டியிருக்கலாம். "உன்மேல தப்பு சொல்ல முடியல"ன்னு எழுதியிருக்கியே, அதுதான் தாங்க முடியல.

அன்னிக்கு என்ன நடந்துதுன்னு எனக்குச் சொல்லு.

வாலு


மே 28

வாலு,

ப்ரோமோ நின்னுடுச்சு. ரெண்டு நாளா வரல. தேங்க்ஸ்.

சொல்லுன்னு கேட்ட. சொல்றேன். அண்ணிக்குக்கூட முழுசா சொன்னதில்ல.

அப்பா வெளியூர்ல வேலைக்குப் போயிருந்தார். மத்தியானமே இருட்டிக்கிட்டு மழை, தெருவுல முழங்கால் தண்ணி. அம்மாவுக்கு ஏழாம் மாசம். திடீர்னு வலி. நான் ஓடிப்போய் எதிர்வீட்டு அத்தையைக் கூட்டிட்டு வந்தேன். அத்தை அம்மாவைப் பார்த்துட்டு வெளிய வந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க, "நான் போய் வண்டி பார்த்துட்டு வரேன். நீ தங்கச்சியை அந்த அறையில வெச்சுக்கோ. வெளிய விட்டுடாத. அவ காதுல எதுவும் விழவேண்டாம்."

அம்மா வலியில கத்த ஆரம்பிச்சிருந்தாங்க. நீ "அம்மாவுக்கு என்னாச்சு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்த. வீட்டுல இருந்ததுலயே அதிக சத்தம் அந்தத் தட்டுதான். அதை வெச்சேன். இரண்டாம் பக்கம், பெரிய பாட்டு. வாளியை எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டேன். நீ சிரிச்ச. நீ சிரிக்க சிரிக்க நான் ஆடினேன். எனக்குப் பதிமூணு வயசு. வேற என்ன பண்றதுன்னு தெரியல.

பாட்டு நடுவுல ஒரு இடத்துல அடங்கிப்போகும், ஞாபகம் இருக்கா? டிரம்ஸ் நின்னு, கிட்டார் நின்னு, தண்ணி சொட்டுற சத்தம் மட்டும் இருக்கும். அப்ப நான் களைச்சுப்போய் தரையில உக்காந்தேன். நீ என் மடியில படுத்துக்கிட்ட. அப்பதான் அந்தச் சத்தம். டக், டக். கொஞ்சம் விட்டு, டக். அதுக்கு முன்னாடி அந்தத் தட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கோம், அதைக் கவனிச்சதில்ல. அந்தத் தட்டுல அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் புதுசா ஏதாவது கேக்கும். "கேட்டியா, இதுல இதுவும் இருக்கு பாரு"ன்னு உன்கிட்ட சொன்னேன். நீ எழுந்து உக்காந்து தரையில அதே மாதிரி திருப்பித் தட்டின. டக், டக், டக். தட்டிட்டு சிரிச்ச. அப்புறம் டிரம்ஸ் திரும்ப வந்துடுச்சு.

பக்கம் முடிஞ்சப்புறம்தான் கதவைத் திறந்தேன். அம்மா கட்டில்ல இல்ல. நம்ம கதவுக்கு வெளிய, சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. தரை எப்படி இருந்துதுன்னு நான் எழுதல. உன்னைத் திரும்ப உள்ள தள்ளிக் கதவைச் சாத்தினேன். அதே நேரத்துல அத்தை வண்டியோட வந்துட்டாங்க.

ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு நர்ஸ் அத்தைகிட்ட சொன்னது என் காதுல விழுந்துது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்." அம்மா வீட்டுக்கு வந்தப்புறம் ரொம்ப நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசல. சாப்பாட்டுத் தட்டை வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க. ப்ளேயருக்கு உரியவர் ஒருநாள் வந்து அந்த இசைத்தட்டோட வாங்கிட்டுப் போயிட்டார். அதனால திரும்பக் கேட்டுப் பார்க்க வழியில்லாம போச்சு.

அந்தத் தட்டல் பாட்டுல இருக்கா, இல்ல அம்மா தட்டினதா? அவ்வளவுதான் எனக்குத் தெரியணும். அம்மா தட்டினதுன்னா, நான் அப்பவே திறந்திருக்கலாம். தெருமுனைக்கு ஓடியிருக்கலாம். பெரிய ரோட்டுல ஏதாவது வண்டியை மறிச்சிருக்கலாம். இதை நெனச்சுப் பார்க்காத வருஷம் கிடையாது.

தட்டு உன்கிட்ட இருக்கு. நல்ல ஹெட்ஃபோன் இருக்கு. கேட்டுட்டுச் சொல்லு. அம்மாகிட்ட மட்டும் கேக்காத. சத்தியமா கேக்காத.

அண்ணன்


ஜூன் 3

அண்ணா,

கேட்டுட்டேன். நிலையத்து ஸ்டுடியோவுல, கதவைச் சாத்திக்கிட்டு, இரண்டாம் பக்கம் முழுக்க.

இருக்கு. நீ சொன்ன அதே இடத்துல, தண்ணி சொட்டுற இடத்துல. லேசா இருக்கு, ஆனா தெளிவா இருக்கு. டக், டக், அப்புறம் ஒண்ணு. மரத்துல தட்டற மாதிரி. பாட்டுலதான் இருக்கு அண்ணா. அம்மா தட்டல.

இனிமே அதை நெனச்சுக் கஷ்டப்படாத. நீ செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல.

இதுக்கு மேல எழுத வரல. அம்மாவுக்கு அடுத்த கண்ணுக்குத் தேதி குடுத்துட்டாங்க.

வாலு


ஜூன் 10

என் அருமை வாலு,

உன் லெட்டரைப் பட்டறையிலயே பிரிச்சுப் படிச்சேன். முகத்துல மாஸ்க் இருந்ததால யாருக்கும் ஒண்ணும் தெரியல. நல்லதாப் போச்சு. கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடிச்சு, அடிச்சுக்கிட்டிருந்த மட்கார்டுல பெயின்ட் வழிஞ்சு, திரும்பத் தேய்ச்சு முதல்லேர்ந்து அடிக்க வேண்டியதாப் போச்சு. முதலாளி, "என்ன வாளி, கண்ணு தெரியலையா, நீயும் போய் ஆபரேஷன் பண்ணிக்கோ"ன்னார். சிரிச்சேன். இந்தத் தடவை நிஜமாவே சிரிச்சேன்.

அண்ணி கேக்கறா, என்ன இப்பல்லாம் பாட்டு முணுமுணுக்கிறீங்கன்னு. ரம்பப் பாட்டை எப்படி முணுமுணுக்க முடியும்னு உனக்குத் தெரியும். முணுமுணுத்தேன்.

ஒரு உதவி. அம்மா வரும்போது அந்தத் தட்டைக் குடுத்தனுப்பு. முதலாளிகிட்ட பழைய ப்ளேயர் ஒண்ணு இருக்கு. அந்தத் தட்டலை என் காதால ஒரு தடவை கேக்கணும். உன்னை நம்பாம இல்ல. கேக்கணும்போல இருக்கு, அவ்வளவுதான்.

உன் ஃபோனை எடுக்காம இருந்தது தப்பு. மன்னிச்சுக்கோ.

அண்ணன்


ஜூன் 17

அண்ணா,

இதை உக்காந்து படி. பட்டறையில படிக்காத.

தட்டுல அந்தச் சத்தம் இல்ல.

நான் பொய் சொன்னேன். ஸ்டுடியோவுல உக்காந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த இடத்துல டிரம்ஸ் இல்ல, கிட்டார் இல்ல, சொட்டுற தண்ணி, அதுக்கு அடியில டேப்போட இரைச்சல், அவ்வளவுதான். சின்ன வயசுல பூதம் மாதிரி இருந்த பாட்டு, இப்பக் கேட்டா அந்த இடத்துல எவ்வளவு அமைதியா இருக்குன்னு ஆச்சரியமா இருந்துது. அந்த அமைதியில ஒரு குண்டூசி விழுந்தாலும் கேட்டிருக்கும். எதுவும் விழல.

"இல்ல"ன்னு எழுத உக்காந்தேன். பேனா "இருக்கு"ன்னு எழுதிடுச்சு. உன்னை நல்லா தூங்க வைக்கணும்னு மட்டும் இல்ல அண்ணா. அந்தத் தட்டலுக்குத் திரும்பத் தட்டினது நான். அது அம்மா தட்டினதுன்னா, அம்மாவுக்குப் பதில் சொல்லி சிரிச்சது நான். அது பாட்டுலயே இருந்துதுன்னா நானும் தப்பிச்சுக்கலாம். அதுக்கும் சேர்த்துத்தான் பொய் சொன்னேன். நீ மன்னிப்புக் கேட்டு எழுதினப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுக்கோ.

தட்டை அனுப்புன்னு கேட்டுட்டியே. நீ கேட்டா தெரிஞ்சுடும். வீட்டுலயே ப்ளேயர்ல போட்டுத் திரும்பக் கேட்டேன், ஏதாவது ஒரு சத்தத்தையாவது தட்டல்னு சொல்லிட முடியாதான்னு. மத்தியானம், அம்மா தூங்கறாங்கன்னு நெனச்சு ஹெட்ஃபோன் இல்லாம வெச்சிருந்தேன். திரும்பிப் பார்த்தா கறுப்புக் கண்ணாடியோட அம்மா கதவுல கை வெச்சுக்கிட்டு நிக்கறாங்க.

"இது அந்தத் தட்டுதானே?"

நிறுத்தப் போனேன். "இருக்கட்டும், ஓடட்டும்"னு சொல்லிட்டு வந்து உக்காந்தாங்க. நான் அம்மாகிட்ட எதையும் கேக்கல. உனக்குக் குடுத்த வாக்குல அது ஒண்ணையாவது காப்பாத்தினேன். பாட்டு ஓடிச்சு. அடங்கிப்போற இடம் வந்துது. தண்ணி சொட்ட ஆரம்பிச்சுது. அம்மா கையைத் தூக்கி நாற்காலியோட மரக் கையில தட்டினாங்க. டக், டக். கொஞ்சம் விட்டு, டக்.

"இங்கதான் தட்டினேன்"னாங்க.

அப்புறம் அவங்களே சொன்னாங்க. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நம்ம கதவு வரைக்கும் வந்திருக்காங்க. சத்தத்துல தட்டினா கேக்காதுன்னு பாட்டு அடங்கற வரைக்கும் காத்திருந்திருக்காங்க. தட்டினதும் உள்ளேர்ந்து யாரோ திருப்பித் தட்டினாங்க, அப்புறம் நான் சிரிக்கிறது கேட்டுதாம்.

"விளையாட்டுன்னு நெனச்சுட்டீங்கன்னு புரிஞ்சுபோச்சு. ஒரு குரல் குடுத்திருந்தா அவன் திறந்திருப்பான். குடுக்கல. திறந்தா நீதான் முதல்ல ஓடி வருவே. கீழ இருந்ததை நீ பார்ப்பே. அதனால நிறுத்திட்டேன். நான்தான் நிறுத்தினேன். அந்த நேரத்துல அது சரின்னு தோணிச்சு. சரியான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

இதை ஏன் உன்கிட்ட சொன்னதே இல்லன்னு கேட்டேன். உனக்குத் தட்டினது கேட்டிருக்கும்னே அவங்களுக்குத் தெரியாதாம். திருப்பித் தட்டினது நான்னு மட்டும்தான் நெனச்சிருக்காங்க. பக்கம் முடிஞ்சு தட்டு சுத்திக்கிட்டே இருந்துது. நான் எழுந்து நிறுத்தல. கடைசியா இதைச் சொன்னாங்க, அப்படியே எழுதறேன்:

"கொஞ்ச நாள் அவன் மூஞ்சியைப் பார்க்க முடியல எனக்கு. அவன் மேல தப்பு இல்லன்னு தெரியும். தெரிஞ்சும் முடியல. சின்னப் பையன், கவனிச்சிருக்க மாட்டான்னு நெனச்சுக்கிட்டேன்."

நீ கவனிச்சன்னு நான் சொல்லல. சொல்றதா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணு.

உன்கிட்ட என்ன கேக்கறதுன்னு தெரியல. மன்னிப்புன்னு கேட்டா அது ரொம்ப சுலபமா இருக்கு.

வாலு


ஜூன் 24

வாலு,

படிச்சேன்.

ரேடியோவுல சொன்னதை மன்னிச்சுட்டேன். தெரியாம சொன்ன. இது தெரிஞ்சு சொன்னது. என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பட்டறையில பாட்டு முணுமுணுக்க வெச்சியே.

இதுல கேவலம் என்னன்னா, உன் பொய்யை நம்பின அந்தக் கொஞ்ச நாள் நான் நல்லாத்தான் தூங்கினேன். அதுக்கும் சேர்த்துத்தான் கோவம்.

அம்மாவை எப்ப அனுப்பறன்னு மட்டும் எழுது.

அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

இரண்டாவது கண்ணும் நல்லா இருக்கு. வர்ற சனிக்கிழமை காலையில பஸ் ஏத்திவிடறேன். சாயங்காலம் வந்துடுவாங்க. முன்சீட்டு எடுத்திருக்கேன். வெயில்ல கண்ணாடியைக் கழட்ட விடாத.

இந்த லெட்டரை அம்மா கையில குடுக்காம தபால்ல போடறேன், முன்னாடியே வந்துடணும்னு. தட்டை அவங்க துணிகளுக்கு நடுவுல வெச்சிருக்கேன். நீ கேக்கலாம், கேக்காம விடலாம். அனுப்பாம இருந்தா அது இன்னொரு பொய் மாதிரி இருக்கும்னு அனுப்பறேன்.

நிகழ்ச்சி அதிகாரிகிட்ட இனிமே அந்தப் பகுதியை எங்கயும் ஒலிபரப்பக் கூடாதுன்னு சொல்லிட்டேன். காரணம் கேட்டார். என் சொந்த விஷயம்னேன். முகம் சுருங்கிப்போச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து திரும்பப் போக்குவரத்து வாசிக்கச் சொன்னாலும் சொல்லுவார். சொல்லட்டும்.

நீ பதில் எழுதவேண்டாம். அம்மா வந்து சேர்ந்துட்டாங்கன்னு அண்ணியை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, போதும்.

வாலு


ஜூலை 15

வாலு,

அம்மா வந்து சேர்ந்தாங்க. வந்ததும் வீட்டைச் சுத்திப் பார்த்து, இங்கயும் தூசியைக் கண்டுபிடிச்சுட்டாங்க. அண்ணி உன்மேல கோவமா இருக்கா, ஆபரேஷனே பண்ணியிருக்க வேண்டாம்னு.

பட்டறைக்கு விடுமுறை நாள் பார்த்து, முதலாளிகிட்ட சாவி வாங்கிக்கிட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். தனியாப் போகத்தான் நெனச்சேன். செருப்பு மாட்டும்போது அம்மா பின்னாடி வந்து நின்னு, "நானும் வரேன்"னாங்க. எங்கன்னு கேக்கல. கவருக்குள்ள இருந்த தட்டைப் பார்த்துட்டாங்க. கண்ணு இப்ப அவ்வளவு நல்லா தெரியுது.

வண்டிகளுக்கு நடுவுல ரெண்டு ஸ்டூல் போட்டு உக்காந்தோம். இரண்டாம் பக்கத்தை வெச்சேன். நீ எழுதினது சரி. அந்த இடம் அமைதியாத்தான் இருக்கு. நான் தட்டலை எதிர்பார்த்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வரல. டிரம்ஸ் திரும்ப வந்துடுச்சு. அவ்வளவுதான்.

உனக்கு இன்னொண்ணு சொல்லணும். அந்தப் பாட்டு எனக்குப் பிடிச்சிருந்துது. இப்பக் கேக்கும்போதும் கால் தானா ஆடிச்சு. அப்பதான் எனக்கே புரிஞ்சுது, இத்தனை வருஷம் என்னை அரிச்சது தட்டல் மட்டும் இல்ல. அன்னிக்கு முதல்ல உனக்காகத்தான் ஆடினேன். கொஞ்ச நேரத்துல அம்மாவை மறந்துட்டேன். எனக்கும் சந்தோஷமா இருந்துது. வெளிய அம்மா அப்படி இருக்கும்போது, உள்ள நான் என் வாழ்க்கையில என்னிக்கும் இல்லாத அளவுக்குச் சந்தோஷமா இருந்தேன். இதை யார்கிட்ட சொல்றது?

அம்மாகிட்ட சொன்னேன். தட்டு ஓடி முடிஞ்சு, முள்ளைத் தூக்கி வெச்சுட்டு, அவங்க முகத்தைப் பார்க்காம சொன்னேன். நீங்க என்னைப் பார்க்காம திரும்பிக்கிட்டது எனக்குத் தெரியும், கவனிச்சேன்னும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அம்மா அழுதாங்க. டாக்டர் அழக்கூடாதுன்னு சொல்லியிருக்காரேன்னு நான் பதறிப்போய் துணி தேடினா, பட்டறையில இருக்கிறதெல்லாம் தின்னர் வாசனை அடிக்கிற துணி. என் சட்டையில துடைச்சுக்கிட்டாங்க. "உன்னைப் பார்த்தா எனக்கு என்னைத்தான் திட்டத் தோணிச்சு, அதான் பார்க்கல"ன்னாங்க. இத்தனை வருஷம் கழிச்சு என் முகத்தை ரெண்டு கண்ணாலயும் நல்லா பார்த்தாங்க. "கன்னத்துல என்னடா இவ்வளவு பெயின்ட்"னு நகத்தால சுரண்டினாங்க.

உன்மேல கோவம் முழுசா போகல. பொய்யைப் படிக்கும்போது இருந்த நிம்மதியும், அது பொய்ன்னு தெரிஞ்சப்போ வந்த எரிச்சலும் இன்னும் சேர்ந்தேதான் வருது. போகும்போது போகட்டும். போக்குவரத்து வாசிச்சாலும் கேப்பேன். இங்க வாளின்னு கூப்பிடறதை நிறுத்தச் சொல்லல. பழகிடுச்சு.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா பாதி வழியில நின்னாங்க. கால் வலியோன்னு நெனச்சேன். "அவனுக்கு நான் ஒரு பேர் வெச்சிருந்தேன்"னாங்க. யார்கிட்டயும் சொன்னதில்லையாம், அப்பாகிட்டகூட. தெருவுல நின்னுக்கிட்டே சொன்னாங்க. நான் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அம்மா தலையை ஆட்டினாங்க. அப்புறம் நடந்தோம்.

அந்தப் பேரை இதுல எழுத மனசு வரல. உனக்கும் தெரியணும்னு அம்மா சொல்றாங்க. நேர்ல வா, சொல்றேன்.

அண்ணன்